பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஷியோகாமா துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் வாடகைக் குடியிருப்புக்குக் கினுயோ ஒனோதெரா மதியம் மூன்று மணி வாக்கில் திரும்புவாள். விடியுமுன்பே தொழிற்சாலைக்குப் போய், அரைத்த மீனை மூங்கில் இலை வடிவத்தில் தட்டிக் குச்சியில் குத்தி அனலுக்கு அனுப்புகிற வேலை அவளுக்கு. வந்ததும் கணப்பு மேஜையின் சுவிட்சைப் போட்டு அதன் போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொள்வாள். விரல்களுக்கு உணர்ச்சி திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். திரும்பியதும் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடக்கும் கேம் பெட்டியைப் போடுவாள். பிறகு இருட்டும்வரை உட்கார்ந்து தவளை அடிப்பாள்.

தவளை அடிப்பதில் அவளுக்குத் தனி ஆசை ஒன்றும் கிடையாது. கேம் அவள் புருஷனுடையது. தொகுஜி குளிர்பதன லாரி ஓட்டுகிறவர். திங்கட்கிழமை மீன் ஏற்றிக்கொண்டு ஷிமொனோசெகிவரை போவார். வழியெல்லாம் இறக்கி ஏற்றிச் சனிக்கிழமை திரும்புவார். லாரி ஷெட்டில் இளவட்டங்கள் அந்தக் கேமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று போன அக்டோபரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்தார். வாளும் மந்திரமும் உள்ள கதை. மூன்று பேர் ஒரு ராஜாவின் ஊரிலிருந்து கிளம்பிப் போக வேண்டும். வழியில் வரும் ஜந்துக்களை அடித்தால் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் பலம் கூடும்.

மூன்று பேருக்கும் பெயர் வைத்தது தொகுஜிதான். தலைவனுக்கு 'தொகு'. முன்னால் நின்று அடி வாங்கும் வீரனுக்கு ஷெட் மேஸ்திரியின் பெயரான 'ஹண்டா'. "அந்த ஆள் அடி வாங்கறதைப் பார்த்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்ல" என்றார். காயம் ஆற்றும் பெண்ணுக்கு செண்டாயில் வேலை பார்க்கும் மகளின் பெயர், 'மிஹோ'.

"என் பேரைக் காணோமே?" என்று கினுயோ கேட்டாள்.

"நீதான் எல்லாரையும் ஆட்டிவைக்கப் போறியே, உனக்கு எதுக்குப் பேரு?"

தொகுஜி இருபது வருஷமாக ஒரு விபத்துக்கூட இல்லாமல் ஓட்டுகிறவர். வானம் லேசாகக் கறுத்தாலே டயருக்குச் சங்கிலி மாட்டிவிடுவார். மாற்று டயருக்கு மாற்று ஒன்று வைத்திருப்பார். கேமிலும் அப்படித்தான். முதல் ஊருக்குக் கிழக்கே ஆற்றின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவை பொல்லாதவை என்று பாலத்தடியில் நிற்கும் கிழவன் ஒருவன் சொல்கிறான். பத்து வயதுப் பிள்ளைகள் நாலாவது, ஐந்தாவது லெவலில் தாண்டிவிடும் பாலம் அது. தொகுஜியோ பதினைந்து ஆகாமல் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்று முடிவு கட்டினார். வாரத்தில் ஒன்றரை நாள் வீட்டில் இருக்கும் மனிதர் ஆற்றோரத் தவளைகளை மட்டும் அடித்துப் பதினைந்துக்கு எப்போது போவது?

"அம்மா, நீ சும்மா இருக்கற நேரத்துல கொஞ்சம் ஏத்தி வையேன்" என்றார். மகள் பிறந்ததிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அம்மா, அப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். மகள் வீட்டை விட்டுப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "பாலத்தை மட்டும் தாண்டிடாதே. கதை எனக்கு. நீ சண்டை மட்டும் போடு."

சும்மா இருக்கிற நேரம் எது என்று கினுயோ யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அகப்படவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

அந்த வருஷங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காக லெவல் ஏற்றிவைக்கும் அம்மாக்கள் அந்தக் குடியிருப்பிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். துணி காயப்போட்டுவிட்டுக் கொஞ்சம், சோறு வேகும் நேரத்தில் கொஞ்சம் என்று ஏற்றுவார்கள். புருஷனுக்காக ஏற்றுகிறவள் கினுயோ ஒருத்திதான்.

அவள் சரி என்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தொகுஜி தினமும் சாயங்காலம் நெடுஞ்சாலை ஓய்விடத்துப் பொதுத் தொலைபேசியில் கார்டு போட்டுப் போன் பண்ணுவார். பல வருஷங்களாக அந்தப் பேச்சு இப்படித்தான் இருந்தது: "பனி பெய்யுதா?" "ம்." "சாப்பிட்டியா?" "ம்." "சரி, வெச்சிடறேன்." மௌனத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ரிசீவரை வைத்த பிறகு, போன் இருக்கும் அந்த வீட்டு நடைபாதை இன்னும் குளிர்ந்துபோன மாதிரி இருக்கும். கேம் வந்த பிறகு பேச்சு மாறியது. "யாராவது ஏறினாங்களா?" என்று ஆரம்பிப்பார். ஹண்டாவின் பலம் எத்தனை கூடியது, மிஹோ என்ன கற்றுக்கொண்டாள், தவளை விஷம் கக்கியதா என்று கார்டு தீரும்வரை பேசுவார். சிரிக்கக்கூடச் செய்வார். தினம் சாயங்காலம் சொல்வதற்கு அவளிடம் ஏதோ ஒன்று இருந்தது. அதற்காகத்தான் அவள் தவளை அடித்தாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் அழிந்துபோனது.

மூன்று பேரும் பதினாலில் இருந்தார்கள். பதினைந்து எட்டிவிடும் தூரம்தான். வெளியே மண்ணெண்ணெய் விற்கும் வண்டியின் பாட்டு கேட்டது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு இரண்டு நாளாக வறண்டு கிடந்தது. இதை விட்டால் வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். கினுயோ எழுந்தாள், கேனை எடுத்தாள், போகிற போக்கில் பெட்டியின் சுவிட்சைத் தள்ளி அணைத்தாள்.

அப்படி அணைக்கக் கூடாது. ரீசெட் பொத்தானை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சுவிட்சைத் தள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளே சேமித்து வைத்த பயணம் போனாலும் போய்விடும். தொகுஜி அவளுக்கு முதல்முதலாகச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், சண்டை போடுவதைக்கூட அல்ல. நாலு மாதம் தவறாமல் செய்த கைதான். அன்றைக்கு மட்டும் அந்தக் கை, விளக்கை அணைப்பதுபோல அணைத்துவிட்டது.

மண்ணெண்ணெய் வாங்கி வந்து, அடுப்பில் ஊற்றி, தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பவும் பெட்டியைப் போட்டாள். பயணங்களைக் காட்டும் திரையில் மூன்று இடமும் காலியாக இருந்தன. அணைத்துப் போட்டாள். கேசட்டை உருவி வாயால் ஊதிச் செருகினாள். காலியாகவே இருந்தது. பயணத்தைத் தொடங்கலாமா என்று மட்டும் அது மரியாதையாகக் கேட்டது.

சாயங்காலம் போன் அடித்தது.

"அம்மா, நான்தான். ஹமனாகோல நிக்கறேன். யாராவது ஏறினாங்களா?"

அழிந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொன்னால் அவர் திட்ட மாட்டார். "அப்படியா" என்பார். அப்புறம் பனி பெய்யுதா என்று கேட்பார்.

"ஹண்டா ஏறிட்டார்" என்றாள்.

"பதினஞ்சா? அட்றா சக்கை! பலம்?"

"ரெண்டு கூடிச்சு."

"ரெண்டுதானா? கஞ்சப் பய. நிஜ ஹண்டா மாதிரியே இருக்கான்."

ரிசீவரை வைத்துவிட்டு அவள் அந்த நடைபாதையிலேயே சற்று நின்றாள். இனி சனிக்கிழமைக்குள் மூன்று பேரையும் அவர் விட்டுப்போன இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் பொய்யும் வெளியே வரும், போன் பேச்சும் பழையபடி ஆகிவிடும். நாலு மாத வேலையை மூன்று மதியத்தில் எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை புதிய பயணத்தைத் தொடங்கினாள். பெயர்கள் வைத்தாள். உடனே சண்டைக்குப் போகலாம் என்று பார்த்தால் ராஜா விடவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு பேசத் தொடங்கினார். கிழக்கே ஒரு மணிக்கூண்டு இருந்ததாம். அதிலிருந்த மணியின் நாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மணி அடிக்காததால் அந்தத் தேசத்தில் பொழுது விடியவில்லையாம். விளக்குகளுக்கு எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது, போய்க் கொண்டுவாருங்கள் என்றார்.

கினுயோவுக்கு இது புதிது. அக்டோபரிலிருந்து அவள் அடித்த தவளைகளுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்திருக்கிறது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தொழிற்சாலையிலும் அப்படித்தான், அவள் தட்டும் மீன் யார் வீட்டு விருந்துக்குப் போகிறது என்று பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் நினைத்ததில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது அதன் காரணம் ஒருவரிடமே தங்கிவிடுகிறது. மற்றவர் கைக்கு வருவது அசைவு மட்டும்தான்.

முதல் லெவல்கள் மளமளவென்று ஏறின. இரண்டு எலி, ஒரு தவளை, அதற்குள் சின்ன ஊதல் சத்தம், ஒரு லெவல். நாலைந்து சண்டையில் இன்னொன்று. ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கும்போது எதைச் செய்தாலும் வளர்ச்சிதான். கம்பைச் சுழற்றினால் வளர்ச்சி, அடி வாங்கினாலும் வளர்ச்சி. இருட்டுவதற்குள் எட்டுக்கு வந்துவிட்டாள். இப்படியே போனால் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது.

அன்றைய போனில், "மிஹோ ஏதாவது கத்துக்கிட்டாளா?" என்று கேட்டார்.

"ம். புது மந்திரம் ஒண்ணு."

"என்னது?"

அவளுக்கு அது தெரியாது. மிஹோ பதினைந்தில் என்ன கற்றுக்கொள்வாள் என்பதை அவள் எங்கே பார்த்தாள்? விடிகாலை மூன்றரைக்கு எழுந்திருந்த கண்கள் எரிந்துகொண்டிருந்தன.

"தூங்க வைக்கறது" என்றாள்.

"தூங்க வைக்கறதா! பரவால்லையே, அது நமக்கு ரொம்ப உபயோகம். அப்ப சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிட வேண்டியதுதான். நான் திரும்பற வழியில பீர் வாங்கிட்டு வரேன்."

வியாழக்கிழமை தெரிந்தது, முதல் நாளின் வேகம் ஒரு ஏமாற்று என்று. அதே ஆற்றோரம், அதே தவளை, தவளைக்கு அதே இரண்டு புள்ளி. ஏற வேண்டிய படி மட்டும் ஒவ்வொன்றும் முந்தையதைவிட உயரமாக இருந்தது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகவே பொழுது சாய்ந்தது. கட்டைவிரல் மரத்து, பிறகு வலித்து, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று. மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தக் கணக்கில் செர்ரி பூக்கும்போதுதான் பதினைந்து வரும். அன்று போன் அடித்தபோது தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டாள். அந்தத் தலைவலி மட்டும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் பக்கத்து மேஜையில் நின்ற சுகானோ அக்காவிடம் கேட்டுவிட்டாள். சுகானோ அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. விதவை. பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லிப் பெட்டி வாங்கி, அந்தக் கேமை இரண்டு தடவை முடித்தவள்.

"அக்கா, சீக்கிரமா லெவல் ஏத்தறதுக்கு வழி ஏதாவது இருக்கா?"

"எங்கே நிக்கறே நீ?"

"ஆத்தோரம். தவளைகிட்ட."

"எத்தனையாவதுல?"

"இப்ப ஒம்பது. முன்னாடி பதினாலு வரைக்கும் போயிருந்தேன்."

சுகானோ அக்கா கையிலிருந்த மீனைப் பலகையில் வைத்துவிட்டாள். "தவளையை அடிச்சா பதினாலு வந்தே?"

"ஆமா."

"ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? தவளையை அடிச்சுப் பதினாலுக்கு வந்தவளை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன். உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கணும்."

"எங்க வீட்டுக்காரர்தான் பதினஞ்சு ஆகாம தாண்டக் கூடாதுன்னு..."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் எலும்பு நாய் ஒண்ணு வரும். ஒரே ஒரு நாய். இருபது தவளைக்குச் சமம். அதை விட்டுட்டு உன் வீட்டுக்காரர் தவளைப் பண்ணை வெச்சிருக்காரா?"

"செத்துட்டோம்னா?"

"செத்தா ராஜா முன்னாடி எழுந்திருப்பே. 'சாவது அழகா'ன்னு நாலு வார்த்தை திட்டுவார். காசுல பாதி போகும். மறுபடி போ. வேற என்ன? பேசாம தட்டு, மேஸ்திரி பார்க்கறான்."

அன்று மதியம் கினுயோ கால்களைக்கூடச் சூடாக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்தாள். பாலத்தடிக் கிழவன் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னான். நாலு மாதமாக அவன் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் போனதில்லை. போனாள். பாலத்தின் அந்தப் பக்கப் புல் வேறு பச்சையாக இருந்தது. பாட்டும் மாறியது. பத்தடி போவதற்குள் எலும்பு நாய் வந்தது. ஹண்டா விழுந்தார், மிஹோ விழுந்தாள், கடைசியில் தொகுவும் விழுந்தான். ராஜா முன்னால் எழுந்தார்கள். அவர் திட்டினார். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் அவளை அசைய விடாமல் செய்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ராஜாவையே பார்த்தபடி இருந்தாள். எதற்குப் பயந்து அக்டோபரிலிருந்து இந்தப் பக்கமே கிடந்தார்களோ, அது நடந்து முடிந்துவிட்டது. ராஜா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாம் முறை போய் ஒரு நாயை வீழ்த்தினாள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் லெவல் ஏறியது. மறுபடி செத்தாள். மறுபடி போனாள். மூன்றாவது சாவுக்குப் பிறகு சாகவில்லை. ஜன்னல் கறுக்கத் தொடங்கியபோது மூவரும் பதினைந்தில் இருந்தார்கள். மிஹோ கற்றுக்கொண்டது தூங்க வைக்கும் மந்திரமல்ல, விஷம் முறிக்கும் மந்திரம். ஹண்டாவின் பலம் பழைய ஹண்டாவைவிடக் குறைவாக இருந்தது. தொகுஜி வீட்டில் இருக்கும் நாட்களில் ஹண்டா லெவல் ஏறும்போதெல்லாம் பலம் குறைவாகக் கூடினால் பெட்டியை அணைத்து, மறுபடி சண்டை போட்டு, நல்ல எண் வரும்வரை விடமாட்டார். அப்படிப் பொறுக்கிச் சேர்த்த பலம் அது. இந்த ஹண்டா கிடைத்ததை வாங்கிக்கொண்டு வளர்ந்தவர்.

கொண்டுவர வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. நிம்மதி வர வேண்டும். வரவில்லை. நாலு மாத மதியங்களை ஒரு மதியம் தின்றுவிட்டது. அத்தனை மதியங்களும் வேண்டாதவையாக இருந்திருக்கின்றன. வீணான வேலையின் அலுப்பு வேலையின் அலுப்பைப் போன்றதல்ல. அது உறங்கி எழுந்தாலும் போகாது. கினுயோவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால், பாலத்தடிக் கிழவனிலிருந்து அவள்வரை வரிசையில் எல்லாரும் நின்றார்கள். வரிசையின் நடுவில் தொகுஜியும் நின்றார்.

சனிக்கிழமை மதியம் தொகுஜி வந்தார். குளித்தார். பீரைத் திறந்து அவளுக்கும் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். கணப்பு மேஜைக்குள் கால் நீட்டிக்கொண்டு, பல வாரம் காத்திருந்த மனிதரின் நிதானத்தோடு பெட்டியைப் போட்டார். திரையில் மூன்று பேரும் பதினைந்தில் நின்றார்கள். ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தார். ஹண்டாவிடம் வந்ததும் முகம் மாறியது.

"இவன் ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கான்?"

அடுத்து மிஹோவைத் திறந்தார்.

"தூங்க வைக்கற மந்திரத்தைக் காணோம்?"

"அது எனக்குத்தான் தேவைப்பட்டுச்சு."

தொகுஜி திரும்பி அவளைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை அழிஞ்சுபோச்சுப்பா" என்றாள். "மண்ணெண்ணெய் வண்டி வந்துச்சு. ரீசெட்டைப் பிடிக்காம அணைச்சுட்டேன். மொத்தமும் போச்சு. இது நான் மொதல்லேர்ந்து ஏத்தினது."

"செவ்வாக்கிழமையா? போன்ல ஏறிட்டான்னியே?"

"பொய் சொன்னேன்."

அவர் பீர் தம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாள்லயா பதினஞ்சு? தவளையை அடிச்சா?"

"பாலத்தைத் தாண்டினேன்."

கேமின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும் பாட்டு.

"செத்தீங்களா?" என்று கேட்டார். கேட்ட குரல் சின்னதாக இருந்தது.

"மூணு தடவை."

"அப்புறம்?"

"ராஜா திட்டினார். மறுபடி போனோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அந்தப் பக்கம் ஒரு நாயை அடிச்சா இருபது தவளைக்குச் சமம். சுகானோக்கா சொன்னா. நாம தவளைப் பண்ணை வெச்சிருக்கோம்னு சிரிச்சா." அவள் குரல் உயரவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. "வேலைக்குப் போயிட்டு வந்து, கை வெறைச்சுக் கெடக்கும்போது, அக்டோபர்லேர்ந்து தினமும் உக்காந்து அடிச்சிருக்கேன். அவ்வளவும் வேண்டாத வேலை. இனிமே நான் ஏத்த மாட்டேன்ப்பா. எனக்கு முடியலை."

தொகுஜி கன்ட்ரோலரை எடுத்தார். மூவரையும் பாலத்தடிக்கு நடத்திப் போனார். தாண்டவில்லை. அங்கேயே ஆற்றோரத்தில் ஒரு தவளை வந்தது, அடித்தார். இன்னொன்று வந்தது, அடித்தார். பதினைந்தில் இருப்பவர்களுக்குத் தவளை ஒரே அடிதான். சண்டை தொடங்கும், முடியும், இரண்டு புள்ளி. அவர் நிறுத்தவில்லை. கினுயோ போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு படுத்தாள். கூரையைப் பார்த்தபடி அந்தச் சத்தத்தை, வேறொருவர் கையால் எழும்பும் சத்தமாக, முதல்முறை கேட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி போயிருக்கும்.

"இது வேலை மாதிரில்ல இருக்கு" என்றார் தொகுஜி.

"வேலைதான்."

"நான் விளையாட்டுன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பெட்டியை அணைத்தார், விரல் ரீசெட்டைத் தவறாமல் அழுத்தியிருந்தது. பிறகு, அவளைப் பார்க்காமல், திரையின் கறுப்பைப் பார்த்தபடி கேட்டார்:

"அப்ப போன்ல என்ன பேசறது?"

கினுயோ எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் போன் பேச்சு தனக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். லெவல் ஏற்றச் சொன்ன மனிதருக்கு லெவல்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வந்தது, ஆனால் அதற்குக் கீழே அலுப்பு அப்படியே இருந்தது. ஒன்று வந்ததால் மற்றது போய்விடுவதில்லை.

"எதையாவது பேசுங்க" என்றாள். "நின்ன எடம், சாப்பிட்டது, எதையாவது."

"அதையெல்லாமா சொல்றது?"

"நான் தவளையைப் பத்திச் சொன்னேன்ல, நாலு மாசமா?"

திங்கட்கிழமை அவர் கிளம்பிப் போனார். கினுயோ வேலைக்குப் போய்த் திரும்பினாள். கணப்பு மேஜைக்குள் கால் நீட்டி, பெட்டியைப் போடாமல், உட்கார்ந்த வாக்கிலேயே உறங்கிப்போனாள். போன் மணிதான் எழுப்பியது.

"நான்தான்."

"ம்."

ஓய்விடத்தில் லாரிகள் உறுமுவது கேட்டது. அவர் தொண்டையைக் கனைத்தார். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவர்போல ஆரம்பித்தார்.

"ஃபூஜிகாவால நிக்கறேன். ஊதோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன். குழம்பு ரொம்ப நீர்த்துக் கெடந்துச்சு." நிறுத்தினார். "மேல வெங்காயம் போட்டிருந்தான்."

கார்டின் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கும். தூக்கம் தெளியாத கண்களோடு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். நடைபாதை குளிர்ந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் அவர் வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அப்புறம்?" என்றாள்.